நாலரை ஏக்கருக்கு மினி டிராக்டர்: கல்லல், காரைக்குடிப் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

தோப்புவாசல் | சனி, இரவு 9.40

வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஊர் கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில். அப்பச்சி போன பிறகு நிலம் என் பொறுப்புக்கு வந்தது. சென்னையில் வேலை, மாதத்தில் பத்து நாள் ஊரில் இருப்பேன். மொத்தம் நாலரை ஏக்கர். கண்மாய்க்குக் கீழே நஞ்சை 2 ஏக்கர், நல்ல களிமண். தென்னையும் மாவும் கலந்த தோப்பு ஒன்றரை ஏக்கர். மீதி ஒரு ஏக்கர் செவல், சரளை கலந்தது, கடலை போடுவோம்.

ஒருவர் 15 எச்பி போதும் என்கிறார். இன்னொரு ஷோரூமில் 24 எச்பி நான்கு சக்கர இழுவைக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறார்கள். மாமா முறை ஒருத்தர், 'பழைய 35 எச்பி ஒன்றைப் பிடித்துப் போடுடா, மினியெல்லாம் விளையாட்டுச் சாமான்' என்கிறார். கருவிகளோடு சேர்த்துக் கையில் ஏழு லட்சம் வரை புரட்டலாம், அதில் பெரும்பகுதி கடன்.

ஒரு சிக்கல். தோப்பைச் சுற்றி ஐயா காலத்துச் செம்பூரான் கல் சுவர். வாசல் தூணுக்குத் தூண் 5 அடி 2 அங்குலம். மாட்டு வண்டிக்கு வைத்த வாசல். சுவரை இடிக்கச் சொல்லாதீர்கள், ஆத்தா இருக்கும்வரை நடக்காது.

செவல்காடு | சனி, இரவு 10.15

தம்பி, எந்த வண்டி என்று கேட்கிறீர்கள். வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பார்த்தீர்களா? நாலரை ஏக்கருக்கு வண்டி வாங்கி, வருடத்தில் பத்து மாதம் அதன் மேல் தார்பாய் போட்டுக் கோழி முட்டையிடும் வீடுகள் எங்கள் ஊரிலேயே மூன்று இருக்கின்றன. வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் வயலில் ஈரம் இருக்கிற அன்றைக்குத்தான் ஊரான் வயலிலும் ஈரம் இருக்கும். வாடகை வண்டிக்காரனின் சொந்த வயல்தான் ஊரில் கடைசியாக உழவாகும்.

தோப்புவாசல் | ஞாயிறு, காலை 6.50

நீங்கள் கேட்டதற்காக உட்கார்ந்து எழுதினேன். நஞ்சைக்கு உழவும் சேறடிப்பும் சேர்த்து ஏக்கருக்கு நாலு மணி நேரம் வைத்தால் 8 மணி. செவலுக்கு மூன்று உழவு, 4 மணி. தோப்பில் வருடம் மூன்று தடவை களை உழவு, 7 அல்லது 8 மணி. ஆக 20 மணி நேரம். எங்கள் பக்கம் ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்ட மணிக்கு 1,200 வாங்குகிறார்கள். 24,000 ரூபாய். எரு, வண்டல், தேங்காய் ஏற்றி இறக்கும் வாடகையைக் கூட்டினாலும் வருடம் நாற்பதாயிரத்தைத் தாண்டவில்லை. ஆறு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் முதல் வருட வட்டியே 60,000. கணக்கு உங்கள் பக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் போன ஐப்பசியில் நடந்ததைக் கேளுங்கள். ஒரே வாரத்தில் கண்மாய் நிறைந்தது. நாற்றங்காலில் கோ 51 நெல், இருபது நாளில் பிடுங்க வேண்டிய நாற்று. வண்டிக்காரர் 'நாளைக்கு வர்றேண்ணே' என்று பதினெட்டு நாள் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு அறுபது ஏக்கர் வரிசையில் நின்றது. நட்டபோது நாற்றின் வயது 38 நாள். தூர் கட்டவே இல்லை, நாலைந்து சிம்போடு நின்றுவிட்டது. பக்கத்து வயலில் பாதிகூட எங்களுக்கு வரவில்லை. அந்தப் பதினெட்டு நாளுக்குத்தான் வண்டி தேடுகிறேன்.

செவல்காடு | ஞாயிறு, காலை 7.30

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அப்படியானால் இன்னொரு கேள்வி. ஏன் நட வேண்டும்? நம் மாவட்டத்தில் பாதிப் பேர் புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறார்கள். முளைத்துக் கிளம்பின பயிருக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்தால் கட்ட வேண்டியதுதான். சேறடிப்பே கிடையாது. மழை பெய்து காய்ந்த நிலத்தை இரண்டு ஓட்டு ஓட்டினால் முடிந்தது. அதற்கு எந்த வண்டியும் கிடைக்கும், யாருக்கும் அவசரம் இராது. களைதான் கூடுதலாக வரும், அதை மறைக்கவில்லை.

தோப்புவாசல் | ஞாயிறு, காலை 7.45

களைக்குப் பயந்துதான் அண்ணே விட்டோம். எங்கள் வயலில் கோரை. பத்து ஆள் களை எடுத்தாலும் இரண்டு வாரத்தில் மறுபடி நிற்கும்.

தேவகோட்டை ஸ்பானர் | ஞாயிறு, மதியம் 2.20

பட்டறை வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்காகவும் பேசவில்லை, எல்லா வண்டியும் என்னிடம்தான் வந்து படுக்கிறது.

முதலில் எச்பி. போர்டில் எழுதியிருப்பது எஞ்சின் எச்பி. ரோட்டாவேட்டரைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பிடிஓ தண்டு. அங்கே வந்து சேருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பிடிஓ எச்பி எவ்வளவு என்று கேட்டு, அதை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

15 எச்பி வகை (யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 மாதிரி) ஒற்றைச் சிலிண்டர். தோட்டத்துக்குள் களை ஓட்ட, சின்ன டிரெய்லர் இழுக்க, மருந்து அடிக்க அருமையான வண்டி. டீசல் நக்கிக் குடிக்கும். அதைக் கொண்டுபோய் கண்மாய்க் களியில் இறக்கினால் அழும். உங்கள் நஞ்சை இரண்டு ஏக்கர் இல்லாவிட்டால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

24 எச்பி நான்கு சக்கர இழுவையில் மஹிந்திரா ஜிவோ 245, குபோடா பி2441 இரண்டும் இந்தப் பக்கம் ஓடுகின்றன. சோனாலிகா, விஎஸ்டி, கேப்டன், மாஸி எல்லோரும் இந்த அளவில் வைத்திருக்கிறார்கள். ஜிவோ இரண்டு சிலிண்டர், குபோடா மூன்று. இரண்டுக்கும் தூக்குத்திறன் 750 கிலோ. எதை வாங்கினாலும் அகலம் நாலடிக்குள் நிற்கும், உங்கள் வாசலில் நுழையும். 45 எச்பி பெரிய வண்டி ஆறடி பக்கம் வரும், அது உங்கள் தோப்புக்குள் ஐயா எழுந்து வந்து சொன்னாலும் போகாது.

களியில் கனமான வண்டி நல்லது என்று நினைக்கிறார்கள். பெரிய வண்டி இரண்டு டன் இருக்கும். மேல் சேறு முக்கால் அடிக்குள் இருந்து அடித்தரை கெட்டியாக இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அடித்தரை இளகின வயலில் அது போட்ட குழியை நிரவ நாலு வருடம் ஆகும். சின்ன வண்டி டன்னுக்குள் இருப்பதால் மேலேயே போகும். முன் சக்கரமும் இழுப்பதால் வரப்பு ஓரம் திரும்பும்போது முகம் புதையாது. சேற்றில் ஓட்ட மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், கேஜ் வீல், கட்டாயம்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி புதைந்தால் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி ஏற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தயவு செய்து செய்யாதீர்கள். கட்டை சேற்றில் ஊன்றிக்கொள்ளும், சக்கரம் சுற்றாது, அப்போது வண்டியின் உடம்புதான் அச்சைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக எழும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. ரிவர்ஸில் வந்த தடத்திலேயே எடுங்கள். வரவில்லையா, இன்னொரு வண்டி வரும்வரை பீடி குடித்துக்கொண்டு உட்காருங்கள்.

நாச்சியாபுரத்து மருமகள் | ஞாயிறு, இரவு 8.05

நான் 24 எச்பி நான்கு சக்கர இழுவை மூன்று வருடமாக ஓட்டுகிறேன். மா, தென்னை, கொஞ்சம் நஞ்சை. கம்பெனி பெயர் வேண்டாம், வண்டியில் எனக்குக் குறையில்லை. குறை கருவியில்தான் வந்தது, அதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினதால் வந்தது.

வண்டி எடுத்தபோது ஷோரூம்காரர் 'அக்கா, அஞ்சடி ரோட்டாவேட்டர் ஸ்டாக்கில் இருக்கு, அதே விலைக்குத் தர்றேன், அகலம் கூட, வேலை சீக்கிரம் முடியும்' என்றார். எனக்கும் ஆசை. முதல் நாள் செவலில் இறக்கினேன். இரண்டு விரல் ஆழம் போகும்வரை சத்தம் சரியாக இருந்தது. அப்புறம் புகைபோக்கியில் கருப்பு. ஆழத்தைக் குறைத்தால் மேல் புல்லை மட்டும் சீவிக்கொண்டு போகிறது. ஆழம் வைத்தால் எஞ்சின் திணறுகிறது. அந்த வருடம் முழுக்க ஒன்றாவது கியரில் நத்தை மாதிரி ஊர்ந்தேன். கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. கடைசியில் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு நாலடி வாங்கினேன். இப்போது ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் ஓடுகிறது.

அதற்காக மூன்றரைக்கும் போக வேண்டாம். கருவி சக்கரத்தடத்தை மூட வேண்டும். வண்டியின் அகலத்தைவிடக் கருவி குறுகினால் இரண்டு ஓரமும் டயர் பதிந்த கோடு அப்படியே நிற்கும்.

பிளேடும் பாருங்கள். எல் வடிவம் காய்ந்த நிலத்துக்கு, ஜே வடிவம் சேற்றுக்கு. எங்களிடம் இரண்டு செட் இருக்கிறது. சரளையில் எல் பிளேடு தேய்வதைப் பார்த்தால் வயிறு எரியும். கழற்றிக் கையில் வைத்தால் முனை வெற்றிலைக் காம்பு மாதிரி மெலிந்து பளபளவென்று இருக்கும். ஒரு செட் எனக்கு ஒரு வருடம் தாங்குவதில்லை.

பெண்கள் யாராவது வாங்குவதாக இருந்தால், சீட்டில் உட்கார்ந்து கிளட்சை முழுதாக மிதித்துப் பாருங்கள். எனக்கு முதல் பார்த்த வண்டியில் கால் எட்டவில்லை. விற்கிறவர் 'நீங்க எங்கக்கா ஓட்டப் போறீங்க' என்று சிரித்தார். அந்தக் கடையில் வாங்கவில்லை.

செவல்காடு | ஞாயிறு, இரவு 8.40

மருமகள் சொன்னதோடு ஒன்று. ரோட்டாவேட்டரை மட்டும் வருடக்கணக்கில் ஓட்டினால் மேலே நாலு விரல் மண் மாவு மாதிரி இருக்கும், அதற்குக் கீழே சிமெண்டுத் தளம் மாதிரி இறுகும். மழைத் தண்ணீர் இறங்காது. செவலில் இதுதான் பெரிய நோய். முதலில் கொத்துக் கலப்பை, அப்புறம்தான் ரோட்டாவேட்டர். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை உளிக் கலப்பை போட வேண்டும், அரை மீட்டர் இடைவெளியில். அது சின்ன வண்டியால் ஆகாது. பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்று சும்மாவா சொன்னார்கள்.

தோப்புவாசல் | திங்கள், காலை 6.30

நன்றி. நாலடி என்று எழுதிக்கொண்டேன். தென்னைக்கு நடுவில் ஓட்ட மினிதான் சரி என்று ஷோரூமில் சொன்னார்கள். அது உண்மையா? வேர் அறுபடாதா? அப்புறம் யூடியூபில் முன்னால் மண் அள்ளும் வாளி பொருத்தின சின்ன டிராக்டர் பார்த்தேன். நம் ஊரில் கிடைக்குமா? கண்மாய் வண்டல் அடிக்க வசதியாக இருக்குமே.

தேவகோட்டை ஸ்பானர் | திங்கள், மதியம் 1.10

தென்னைக்கு 25 அடி இடைவெளி. அதில் லாரியே போகும். மினிக்குத் தென்னை ஒரு காரணமே இல்லை, உங்கள் வாசலும் மாமரத்தின் தாழ்ந்த கிளையும்தான் காரணம்.

வாளியை மறந்துவிடுங்கள். அமெரிக்காக்காரன் அதில் வைக்கோல் உருளை தூக்குகிறான், பனி தள்ளுகிறான். நமக்கு வருடத்தில் இரண்டு நாள் வண்டல் அடிக்கிற வேலை. ஜேசிபி நாலு மணி நேரம் நின்றால் முடிகிற வேலைக்கு முன் அச்சை ஏன் வதைக்க வேண்டும்? அந்தக் காசில் தானாகச் சாய்கிற டிரெய்லர் வாங்குங்கள். அதுதான் வருடம் முழுக்க ஓடும். எரு, வண்டல், தேங்காய், நெல் மூட்டை, திருவிழாவுக்குத் தண்ணீர் டேங்க். என்னிடம் வருகிற மினி வண்டிகளில் பாதி உழுவதைவிட இழுப்பதுதான் அதிகம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு, மறக்காதீர்கள்.

நாச்சியாபுரத்து மருமகள் | திங்கள், மதியம் 1.45

வேர் பற்றி: மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் கருவியை இறக்காதீர்கள். உரம் எடுக்கிற வேர் பெரும்பாலும் அதற்குள்தான். நான் நடுவில் மட்டும் ஓட்டிவிட்டு வட்டப்பாத்தியை மண்வெட்டியால் கொத்தச் சொல்வேன். வண்டல் எடுக்க இப்போது தாசில்தார் அளவிலேயே அனுமதி கொடுக்கிறார்கள், 2024-இலிருந்து. சிட்டாவோடு போங்கள்.

பழைய ஏஇ | திங்கள், இரவு 9.00

வேளாண்மைப் பொறியியல் துறையில் ஏஇ, அதாவது உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மானியம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. 2014-15-இல் தொடங்கியது. பொதுவாக 40 சதவீதம். சிறு, குறு விவசாயி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் என்றால் 50 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு, வண்டியின் எச்பி, கருவியைப் பொறுத்து மாறும். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி. தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்குங்கள். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஒவ்வொரு வருடமும் எந்தக் கருவிக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று மாறும், அதனால் டிராக்டருக்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: ஷோரூம்காரர் 'நீங்க எடுத்துட்டுப் போங்க, மானியம் பின்னாடி வரும்' என்பார். வராது. ஒப்புதல் கையில் வந்த பிறகுதான் பில் போட வேண்டும். நீங்கள் கேட்கிற மாடலும் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும்.

விலைப்பட்டியல் வாங்கினீர்களானால் தேதியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையைக் காட்டி 'தள்ளுபடி' தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு யோசனை. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செட்டிநாட்டில் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் செவல் அவர்கள் நாள்தோறும் மிதிக்கிற மண். ஒரு நடை போய்ப் பேசுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

செவல்காடு | செவ்வாய், காலை 6.15

ஏஇ சாருக்கு வணக்கம். எல்லாம் சரி, ஆனால் மானியம் போனாலும் இருபது மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்ற கணக்கு சரியாகவில்லை. தம்பி, உங்கள் பங்காளிகள் யாரும் நிலம் வைத்திருக்கவில்லையா?

தோப்புவாசல் | செவ்வாய், காலை 7.00

சித்தப்பா மகன் இருக்கிறான், அதே கண்மாய்க்குக் கீழே 4 ஏக்கர். இன்னொரு பங்காளிக்கு இரண்டரை. மூன்று பேரும் சேர்ந்தால் 11 ஏக்கர். யோசிக்காமல் இல்லை. ஒரே நாளில் மூன்று பேருக்கும் வண்டி வேண்டும் என்றால் அடிதடி ஆகிவிடுமே.

செவல்காடு | செவ்வாய், காலை 7.20

உங்கள் வயல் எந்த மடை?

தோப்புவாசல் | செவ்வாய், காலை 7.25

மேல மடை. தம்பி வயல் நடு மடை. இரண்டரை ஏக்கர்க்காரர் கடைமடை.

செவல்காடு | செவ்வாய், காலை 7.40

அப்புறம் என்ன அடிதடி? மேல மடையில் தண்ணீர் ஏறி, கடைமடை நனைய நாலைந்து நாள் ஆகாதா? வரிசையைக் கண்மாயே போட்டுக் கொடுத்திருக்கிறது. நீங்கள் முதலில், அவன் இரண்டாவது, அவர் மூன்றாவது. தண்ணீர் போகிற வழியில் வண்டியும் போகட்டும். பதிவு ஒருவர் பெயரில் இருக்கட்டும். டீசல் அவரவர் ஊற்றுவது, பழுதுக்கு ஏக்கர் கணக்கில் பங்கு. மணி மீட்டர் எண்ணை நோட்டில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். பங்காளிதானே என்று வாயால் பேசி விட்டுவிடாதீர்கள். பங்காளி என்பதால்தான் எழுத வேண்டும்.

நாச்சியாபுரத்து மருமகள் | செவ்வாய், காலை 8.10

அண்ணன் சொன்னதில் இன்றைக்குத்தான் முதல் தடவை முழுசாக உடன்படுகிறேன் :)

தேவகோட்டை ஸ்பானர் | புதன், இரவு 7.30

சேர்ந்து வாங்குவதாக இருந்தால் மூன்று பேர் ஓட்டுவார்கள். அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேல வேர்க்கட்டை பிடுங்கியிருக்கிறார்கள். சங்கிலியைக் கீழே இழுவைக் கொக்கியில் மாட்டாமல், மேலே டாப் லிங்க் (கருவியின் தலையைப் பிடிக்கிற மேல் கம்பி) பின்னில் மாட்டிவிட்டார்கள், உயரத்தில் இழுத்தால் கட்டை சுலபமாக எழும் என்று. கட்டை எழவில்லை, வண்டி எழுந்தது. மூக்கு வானத்தைப் பார்த்து அப்படியே மல்லாந்திருக்கிறது. ஓட்டின பையன் பக்கவாட்டில் விழுந்ததால் தோள் எலும்போடு போயிற்று. ஸ்டியரிங் வளைந்து தேன்குழல் மாதிரி இருந்தது.

பின் அச்சுக்கு மேலே எதையும் கட்டி இழுக்கக் கூடாது. வாங்கும்போதே பின்னால் பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது பயனில்லை.

பிடிஓ தண்டுக்கு மேலே மஞ்சள் பிளாஸ்டிக் உறை வரும். முதல் வாரமே உடைத்துப் போட்டுவிட்டு 'அது இடைஞ்சல்' என்பார்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் கையை எடுக்கிற நேரம் கிடைக்காது. எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்கிப் பின்னால் போக வேண்டும்.

தோப்புவாசல் | ஞாயிறு, மாலை 5.30 (அடுத்த வாரம்)

நேற்று இரண்டு ஷோரூமிலும் 'எங்கள் வயலுக்கே கொண்டு வந்து காட்டுங்கள்' என்று கேட்டேன். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் 15 எச்பியும் 24 எச்பியும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார், அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

முதலில் வாசல். டேப் பிடித்தோம், 24 எச்பி நுழைந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவு மிச்சம். ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து தூண் மேல்தான் கண் வைத்திருந்தார்.

செவலில் ஐந்து கொத்துக் கலப்பையோடு 15 எச்பி வைத்தோம். மேல் மண் காய்ந்து கிடந்தது. கொத்து இறங்காமல் மேலேயே வழுக்கி, ஒரு சரளைக் கட்டியில் தட்டி, வண்டி நின்ற இடத்திலேயே பின் சக்கரம் சுற்றியது. செம்புழுதி எழும்பி மூக்கில் ஏறியது, கூடவே கிளட்சு எரிகிற நாற்றம். ஓட்டினவர் டிராஃப்ட் கைப்பிடியை (இழுவைச் சுமைக்கு ஏற்பக் கருவியை ஏற்றி இறக்குவது) கொஞ்சம் தூக்கினதும் நகர்ந்தது, ஆனால் ஆழம் போச்சு. அதே தடத்தில் 24 எச்பி, முன் இழுவையைப் போட்டதும், முனகிக்கொண்டு முக்கால் அடி இறங்கிப் போனது. ஸ்பானர் அண்ணே, கைப்பிடி விஷயம் நீங்கள் சொல்லவில்லையே.

நஞ்சையில் இப்போது தண்ணீர் இல்லை. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி ஒரு மூலையை நனைத்து வைத்திருந்தோம். கேஜ் வீல் இல்லாமலே 24 எச்பி மூன்று சுற்று வந்தது, நாலாவது சுற்றில் வரப்போரம் வழுக்கியது. இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்ததும் ஏறிவிட்டது.

தேவகோட்டை ஸ்பானர் | ஞாயிறு, மாலை 6.10

ஆமாம், விட்டுப்போனது. எல்லாச் சின்ன வண்டியிலும் டிராஃப்ட் இருக்காது. சிலவற்றில் கருவி உயரம் பிடிக்கிற கைப்பிடி மட்டும்தான். செவல் இருக்கிறவர்கள் டிராஃப்ட் இல்லாத வண்டியை எடுக்கக் கூடாது. டிராஃப்ட் இருந்தால் கல் தட்டும்போது கருவி தானாக லேசாக எழுந்து மறுபடி இறங்கும், கலப்பையும் தப்பும், கிளட்சும் தப்பும். கொத்துக் கலப்பை ஸ்பிரிங் வைத்ததாக வாங்குங்கள். மாட்டுகிற பின் அளவும் பாருங்கள். சின்ன வண்டிக்கு முதல் வகை (கேட்டகரி 1), கருவியைக் கோக்கிற கீழ்க்கை பின் 22 மில்லி. பெரிய வண்டிக் கருவியைச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் 28 மில்லி பின் உங்கள் வண்டியில் நுழையாது.

தோப்புவாசல் | ஞாயிறு, இரவு 9.15

சரி, முடிவாகச் சொல்கிறேன். மூன்று பேரும் சேர்கிறோம். 24 எச்பி நான்கு சக்கர இழுவை, நாலடி ரோட்டாவேட்டர் எல், ஜே இரண்டு செட், ஸ்பிரிங் வைத்த ஐந்து கொத்து, கேஜ் வீல். டிரெய்லரை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்தோம், தம்பி 'டிரெய்லர் இல்லாவிட்டால் நான் சேரவில்லை' என்று சொல்லிவிட்டான், அதனால் அதுவும். உளிக் கலப்பை, குழி தோண்டுவது, மட்டை தூளாக்குவது எல்லாம் வாடகைக்கு. சிறு விவசாயி சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புதல் வரும்வரை பில் கிடையாது, ஏஇ சார் பேச்சைக் கேட்டு ஷோரூமிலும் கறாராகச் சொல்லியாயிற்று. நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

செவல்காடு | ஞாயிறு, இரவு 9.40

நல்லது தம்பி. ஐப்பசியில் எனக்கும் ஒன்றரை ஏக்கர் சேறு அடித்துக் கொடுங்கள். மணிக்கு 1,200 கையோடு தருகிறேன்.

தோப்புவாசல் | ஞாயிறு, இரவு 9.42

அண்ணே, நாளைக்கு வர்றேண்ணே.